எக்ஸ்எம்எல் யாவாரம் இனிமே எப்படி இருக்கும்?

எல்லாருக்கும் வணக்கம். எக்ஸ்எம்எல் டேட்டாவை சேமிச்சு வைக்கிற, ஒரு சிஸ்டத்துலேருந்து இன்னொரு சிஸ்டத்துக்கு கொண்டுபோய் சேக்குற சாஃப்ட்வேருக்கு இனிமே மார்க்கெட் எப்படி இருக்கும்னு பேசச் சொல்லியிருக்காங்க. தலைப்பைக் கேட்டுட்டு ரேடியோவை அணைச்சிடாதீங்க, அந்தப் பேரையே நீங்க கேட்டிருக்காட்டியும் காலைலேருந்து அது உங்களுக்கு வேலை பாத்துகிட்டுதான் இருக்கு. டீக்கடையில ஸ்கேன் பண்ணி காசு அனுப்புனீங்கல்ல, அந்த யூபிஐ மெசேஜ் பேங்குக்கும், யூபிஐயை நடத்துற என்பிசிஐக்கும் நடுவுல எக்ஸ்எம்எல்லாதான் போகுது. வேதாரண்யம் பக்கம் புயல் வருதுன்னா அரசாங்கத்தோட சசேத் சிஸ்டம் எச்சரிக்கை அனுப்புதே, அதுக்கு அடியில இருக்கிற கேப்ங்கற முறையும் இதுதான். ஆதார்ல ஆஃப்லைன் கேஒய்சி டவுன்லோட் பண்ணா ஒரு ஜிப் ஃபைல் வரும், திறந்து பாத்தா உள்ளயும் இதே.

அது என்னன்னு சட்டுனு சொல்லிட்டுப் போயிடுறேன், ஒவ்வொரு தகவலுக்கும் முன்னால ஒரு பேரு, பின்னால அதே பேரு, நடுவுல விஷயம், அவ்வளவுதான். 1998 பிப்ரவரியில, இன்டர்நெட் பக்கங்களுக்கு தரநிலை எழுதுற டபிள்யூ3சி அமைப்பு இதை வெளியிட்டப்ப உலகத்துல உள்ள டேட்டா எல்லாம் இதுக்குள்ள வந்துடும்னு ஒரே பேச்சு. இதை மட்டும் வைக்கிறதுக்குன்னே தனி டேட்டாபேஸ் விக்க ஆரம்பிச்சாங்க, ஜெர்மனியில சாஃப்ட்வேர் ஏஜி 1999-ல டமினோன்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க, அமெரிக்காவுல 2001-ல மார்க்லாஜிக் ஆரம்பிச்சுது, காசு கொடுக்காம எடுத்துக்கிறதுக்கு எக்ஸிஸ்ட், பேஸ்எக்ஸ்னு ரெண்டு இருக்கு. பெரிய கடைக்காரங்க சும்மா இருப்பாங்களா, ஆரக்கிள் 2002-ல, மைக்ரோசாஃப்ட் 2005-ல, ஐபிஎம் 2006-ல தங்களோட டேட்டாபேஸுக்குள்ளயே எக்ஸ்எம்எல்லை வைக்க இடம் கொடுத்துட்டாங்க, ஏற்கனவே ஆரக்கிளுக்கு வருசா வருசம் பணம் கட்டுறவன் தனியா இன்னொண்ணு எதுக்கு வாங்கப்போறான். இந்தப் பக்கம் இதே மாதிரி டேட்டாவை எழுதுற இன்னொரு முறை, ஜேசன்னு வந்துச்சு, எழுத்து கம்மி, மொபைல் ஆப்புக்கு தோது, புதுசா எழுதுறவங்க எல்லாம் அதுக்குப் போயிட்டாங்க. வருமான வரி ரிட்டர்னே முந்தி எக்ஸ்எம்எல்லா ஏத்துனது 2021-22 மதிப்பீட்டு வருசத்துலேருந்து ஜேசனா மாறிடுச்சு, ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்குறவங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அப்ப படுத்துடுச்சான்னு கேட்டா, கம்பெனிங்க கைமாறுன விலையைப் பாருங்கன்னுதான் சொல்லுவேன். இத்தனை சதவீதம் வளரும், அத்தனை பில்லியன் ஆகும்னு ஆயிரக்கணக்குல டாலர் வாங்கிகிட்டு விக்கிறாங்களே மார்க்கெட் ரிப்போர்ட், அதுல எனக்கு நம்பிக்கை கிடையாது, எக்ஸ்எம்எல்லை ஆரக்கிள் உள்ள வச்சு விக்கும்போது அதுல எவ்வளவு காசு எக்ஸ்எம்எல்லுக்குன்னு யாரு பிரிச்சுப் பாக்க முடியும்? விலை அப்படி இல்ல, யாரோ ஒருத்தன் நெசமா பணம் எண்ணி வச்சது. மார்க்லாஜிக்கை 2023-ல ப்ராக்ரஸ் கம்பெனி வாங்குச்சு, 35.5 கோடி டாலர். (இதே ப்ராக்ரஸ்தான் 2002-ல எக்ஸலான்னு இன்னொரு எக்ஸ்எம்எல் கம்பெனியையும் வாங்கிப்போட்டுது, பழைய சரக்கை வாங்கி மெயின்டனன்ஸ் காசு பாக்குறதுல கில்லாடிங்க.) இப்ப அந்த சாஃப்ட்வேர் ஏஜி பக்கம் வாங்க, அவங்க வெப்மெத்தட்ஸ்னு ஒரு இன்டகிரேஷன் சாஃப்ட்வேர் வச்சிருந்தாங்க, சிஸ்டத்துக்கும் சிஸ்டத்துக்கும் நடுவுல டேட்டாவை மாத்திக் கொடுக்கிறது, அதையும் கூட ஸ்ட்ரீம்செட்ஸ்ங்கறதையும் சேத்து ஐபிஎம் 213 கோடி யூரோ கொடுத்து 2024-ல எடுத்துகிட்டாங்க. சேல்ஸ்ஃபோர்ஸ் 2018-ல ம்யூல்சாஃப்டுக்கு 650 கோடி டாலர், 2025-ல இன்ஃபர்மாட்டிகாவுக்கு சுமார் 800 கோடி டாலர். இதெல்லாம் எக்ஸ்எம்எல் மட்டும் பாக்குற சாஃப்ட்வேர் இல்ல, எல்லா வகையையும் பாக்கும், அதை சொல்லிடணும். ஆனாலும் நெல் யாவாரத்துல குடோன் வாடகையை விட ஏத்துக்கூலி இறக்குக்கூலி லாரி வாடகைதானே ஜாஸ்தி, இங்கயும் அதே கதைதான், வச்சிருக்கிறதுக்கு காசு கம்மி, நகத்துறதுக்குத்தான் காசு.

நான் கும்பகோணத்துல, டேலிங்கற கணக்கு எழுதுற சாஃப்ட்வேரை மத்த சிஸ்டத்தோட இணைக்கிற வேலை பாக்குறவன், அதனால நம்மூர் கணக்கையே சொல்றேன். ஒரு பித்தளைப் பாத்திர ஹோல்சேல் கடையை எடுத்துக்குங்க. பில்லு டேலியில, டேலிக்கு வெளியிலேருந்து தகவல் அனுப்பணும்னா எக்ஸ்எம்எல்லா அனுப்பலாம், 9000-ங்கற போர்ட்டுல, அதாவது கம்ப்யூட்டருக்கு தகவல் வர்ற வாசல்ல, அது காத்துகிட்டு இருக்கும். விற்றுமுதல் 5 கோடிக்கு மேல போனா, 2023 ஆகஸ்ட்டுலேருந்து இ-இன்வாய்ஸ் கட்டாயம், அது ஜேசன். பேங்க் ஸ்டேட்மென்ட் எக்ஸல்ல வரும். ஆன்லைன்லயும் விக்கிறாருன்னா அவங்க ஒரு ஃபார்மட். இந்த நாலையும் ஒண்ணோட ஒண்ணு பேச வைக்கிறதுக்குத்தான் நம்மளைக் கூப்பிடுறாங்க. இதுல ஒரு கூத்து என்னன்னா எக்ஸ்எம்எல்ல அன்ட் குறியை அப்படியே போடக்கூடாது, வேற மாதிரி மாத்தி எழுதணும், நம்ம கடைத்தெருவுல பாதி போர்டு அன்ட் சன்ஸ், அன்ட் கோ, அன்ட் பிரதர்ஸ்! அந்த ஒரு குறியால மொத்த ஃபைலும் ஏறாம நின்னுடும், போன் பண்ணி திட்டுவாங்க. அப்புறம் பாமினிங்கற பழைய தமிழ் ஃபான்ட்ல அடிச்சு வச்ச கஸ்டமர் லிஸ்ட், அதை இப்ப எல்லா கம்ப்யூட்டரும் படிக்கிற யூனிகோடா மாத்தாம ஏத்துனா பேரு பூரா கன்னாபின்னான்னு வரும். இந்த மாதிரி வேலைக்கு பெரிய சாஃப்ட்வேர் யாரும் வாங்கறதில்ல, ஆனா வருசம் பூரா வேலை இருக்கு.

பேங்க் பக்கம் போனா கதை வேற, அங்க எக்ஸ்எம்எல் இன்னும் வளருது. ஐஎஸ்ஓ 20022-ன்னு ஒரு உலகத் தரநிலை, பணம் அனுப்புற மெசேஜ் எப்படி இருக்கணும்னு சொல்றது, பெரும்பாலும் எக்ஸ்எம்எல்லாதான் எழுதுவாங்க. நம்ம ரிசர்வ் பேங்க் 2013-லேயே, பெரிய தொகையை பேங்குக்கு பேங்கு அனுப்புற ஆர்டிஜிஎஸ்ஸை இதுக்கு மாத்திடுச்சு. வெளிநாட்டுப் பணம் போற ஸ்விஃப்ட்ல பழைய மெசேஜும் புது மெசேஜும் சேந்து ஓடுன காலம் 2025 நவம்பர் 22-ஓட முடிஞ்சுது. துபாய்லேருந்தும் சிங்கப்பூர்லேருந்தும் காசு வர்ற கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் காரங்களுக்கு இது கண்ணுக்குத் தெரியாது, ஆனா பேங்கோட உள்ள கணக்கு வச்சிருக்கிற பழைய கோர் சிஸ்டத்துக்கும் இந்தப் புது மெசேஜுக்கும் நடுவுல ஒரு மாத்துற சாஃப்ட்வேர் உக்காந்தே ஆகணும். ஏன் ஜேசனுக்குப் போகலன்னு கேப்பீங்க. எந்தக் கட்டத்துல என்ன வரலாம்னு முன்கூட்டியே விதி எழுதி சோதிக்கிறது, டிஜிட்டல் கையெழுத்து போடுறது எல்லாம் எக்ஸ்எம்எல்லுக்கு இருபது வருசத்துக்கு முன்னாடியே ஊறிப்போச்சு. பணத்தை நகத்துற சிஸ்டத்தை ஃபேஷனுக்காக யாரும் மாத்தமாட்டான்.

கவலைப்பட வேண்டிய இடம் ஒண்ணு இருக்கு. சென்னையிலயும் பாண்டிச்சேரியிலயும் வெளிநாட்டு ஜர்னல்களுக்கு டைப்செட்டிங், எக்ஸ்எம்எல் கன்வர்ஷன் பண்ற கம்பெனிங்க நிறைய, நம்ம தஞ்சாவூர் திருவாரூர் புள்ளைங்களும் அதுல இருக்காங்க. ஜேட்ஸ்னு ஒரு தரநிலைப்படி ஆராய்ச்சிக் கட்டுரையில ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால பின்னால பேரு போட்டு, அதாவது டேக் போட்டுக் கொடுக்கிற வேலை. டேக் போடுறதை இப்ப ஏஐ நல்லாவே பண்ணுது, தப்பும் பண்ணுது, அதனால சரிபாக்குற ஆள் வேணும், ஆனா பத்து பேரு பாத்த இடத்துல பத்து பேரு வேணாம். மாத்திப் பேச எனக்கு மனசு வரல. ஓலைச்சுவடி, கல்வெட்டை எல்லாம் டிஇஐங்கற எக்ஸ்எம்எல் முறையில ஏத்துறதுக்கு நம்ம பக்கம் சரக்கு மலையா கிடக்கு, சரஸ்வதி மகால் ஒண்ணு போதும், ஆனா அது மானியத்துல நடக்கிற வேலை, மார்க்கெட்டுன்னு சொல்ல முடியாது.

பாலிடெக்னிக், இன்ஜினியரிங் படிக்கிறவங்க கேட்டீங்கன்னா, எக்ஸ்எம்எல் டேட்டாபேஸ் கோர்ஸுன்னு யாராவது பீஸ் கேட்டா கட்டாதீங்க. எக்ஸ்எல்எஸ்எக்ஸ்னு முடியுற ஒரு எக்ஸல் ஃபைலை எடுத்து பேருக்குப் பின்னாடி ஜிப்னு மாத்தி திறந்து பாருங்க, உள்ள பெரும்பாலும் எக்ஸ்எம்எல்தான், ஃப்ரீயா கத்துக்கலாம். எக்ஸ்எம்எல்லுக்குள்ள வேணுங்கறதைத் தேடி எடுக்கிற எக்ஸ்பாத், என்ன வரலாம்னு விதி எழுதுற ஸ்கீமா ரெண்டும் தெரிஞ்சிருக்கட்டும். எக்ஸ்எம்எல்லை வேற வடிவத்துக்கு மாத்துற எக்ஸ்எஸ்எல்டியை க்ரோம் பிரவுசர்லேருந்து எடுக்கப்போறோம்னு கூகுள் 2025-ல சொல்லிட்டாங்க, ஆனா சர்வர்ல ஓடுறது ஓடிகிட்டுதான் இருக்கும், பழசை பராமரிக்கிற வேலைக்கு அது தேவைப்படும். கூடவே ஜேசனும் ஒரு பேங்க் மெசேஜோட அமைப்பும் புரிஞ்சவங்களா இருந்தா சொல்லுங்க, எங்க ஆபீஸ்லயே ஆள் தேடிகிட்டுதான் இருக்கோம். வணக்கம்.