'ஒன்றுமில்லை' என்று எழுந்து நடப்பவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

சாலையில் வண்டி இடித்துக் கீழே விழுந்தவர் முதலில் என்ன செய்வார் தெரியுமா? வேட்டியைச் சரிசெய்துகொள்வார். பெண்ணாக இருந்தால் சேலைத் தலைப்பு. அடுத்ததாகச் செருப்பைத் தேடுவார். கூடி நிற்பவர்களை நிமிர்ந்து பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டே, "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்பார். முப்பது ஆண்டுகளாக அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் எலும்பு முறிவு மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ரத்தம் கண்டு பயந்ததில்லை. அந்த 'ஒன்றுமில்லை'யைக் கேட்டால்தான் பயம்.

2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் நடந்துசென்ற 32,825 பேர் வாகனம் மோதி இறந்தார்கள் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அந்த ஆண்டில் சாலையில் இறந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். அவர்களிடம் ஹெல்மெட் இல்லை, சீட் பெல்ட் இல்லை. பல தெருக்களில் நடைபாதையும் இல்லை. நடைபாதையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வானொலி நிலையத்தார் எனக்கு ஒதுக்கியிருக்கும் நேரம் அதற்கே சரியாகிவிடும், விட்டுவிடுகிறேன்.

கார் ஒருவரை இடிக்கும்போது நடப்பது ஓர் அடி அல்ல, மூன்று அடி. பம்பர் முழங்காலை ஒட்டித் தாக்கும். உடல் அப்படியே பானெட்டின் மேல் சாயும். இடுப்பு அதன் விளிம்பிலும் தலை முன்கண்ணாடியிலும் மோதும். பிறகு வண்டி நிற்க, ஆள் தரையில் விழுவார். குழந்தைக்கோ அதே பம்பர் தொடையிலோ நெஞ்சிலோ படும். முதல் அடியே உயிரைப் பறிக்கலாம். இருசக்கர வண்டி என்றால் கைப்பிடியின் முனை விலாவிலும் வயிற்றிலும் குத்தும். இதில் ஒரு கெட்ட ஏற்பாடு இருக்கிறது: உடைந்த கால் ஊரைக் கூட்டும், அடிபட்ட மூளையும் மண்ணீரலும் வாய் திறக்காது. போதாததற்கு, அதிர்ச்சியில் உடம்பில் சுரக்கும் அட்ரினலின் முதலில் சிறிது நேரத்துக்கு வலியையே மறைத்துவிடும்.

சந்தையில் மூட்டை சுமக்கும் ஒருவர் என்னிடம் வந்தார். வந்தார் என்ன, கொண்டுவந்தார்கள். மாலை ஆறு மணிக்கு மோட்டார் சைக்கிள் கைப்பிடி இடது விலாவில் இடித்திருக்கிறது. எழுந்துவிட்டார். ஓட்டிவந்த பையன் பதறிப்போய்த் தேநீர் வாங்கிக் கொடுத்திருக்கிறான். இருவரும் நண்பர்களாகவே பிரிந்திருக்கிறார்கள். இரவு சாப்பிட உட்கார்ந்தவர் இடது தோள் வலிக்கிறது என்றிருக்கிறார். மூட்டை தூக்குகிறவருக்குத் தோள் வலிப்பது புதிதா? மனைவி தைலம் தேய்த்துவிட்டார். பதினொரு மணிக்கு வியர்த்து, வெளிறி, நாடி பிடிபடாத நிலையில் வந்து சேர்ந்தார். மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் கட்டியிருந்தது. அந்த ரத்தம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை உறுத்தினால் வலி தோளில்தான் தெரியும். பிழைத்துக்கொண்டார். ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் சொல்ல முடியாது.

ஆகையால், உங்களை வண்டி இடித்துவிட்டால் உடனே எழாதீர்கள். வெட்கம் வரும், வரட்டும். கூட்டத்தில் ஒருவரைப் பார்த்து, வருகிற வண்டிகளை நிறுத்தச் சொல்லுங்கள். படுத்தபடியே கைவிரலையும் கால்விரலையும் அசைத்துப் பாருங்கள். கழுத்து வலித்தாலோ, கை கால் மரத்திருந்தாலோ ஆம்புலன்ஸ் வரும்வரை தலையைத் திருப்பவே வேண்டாம். 108க்கு அழைப்பவர் ஊரையும் சாலையையும் சொன்னால் மட்டும் போதாது; அருகில் இருக்கும் கோயில், பெட்ரோல் பங்க், சாலையின் எந்தப் பக்கம் என்பதையும் சொல்ல வேண்டும். இன்னொருவர் வண்டி எண்ணைக் கைபேசியில் படம் எடுத்துவிடட்டும். விழுந்தவரைப் படம் எடுப்பதைக் காட்டிலும் அது எவ்வளவோ மேல்.

சுற்றி நிற்பவர்களுக்கு நம் ஊரில் இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒன்று, சோடா வாங்கிவந்து வாயில் ஊற்றுவது. நல்ல மனத்தோடு செய்கிற கெட்ட காரியம் அது. நினைவு தப்பினால் குடித்தது மேலேறி நுரையீரலுக்குள் போகும். உடனே அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுப்பதும் ஆபத்தாகிவிடும். மற்றொன்று, இரண்டு பேர் கையைப் பிடிக்க, இரண்டு பேர் காலைப் பிடிக்க, ஆட்டோவில் மடக்கி ஏற்றுவது. முதுகெலும்பு உடைந்திருந்தால் தண்டுவடம் அங்கேயே அறுந்துபோகலாம். நினைவில்லாமல், ஆனால் மூச்சு விட்டுக்கொண்டு கிடப்பவர் வாந்தி எடுத்தால், தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கட்டை போலச் சேர்ந்து திரும்பும்படி பக்கவாட்டில் சாய்த்துவிடுங்கள். ரத்தம் பெருகினால் துண்டை மடித்து வைத்து அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்காதீர்கள். காப்பித் தூள் காப்பிக்கு மட்டும்.

உதவி செய்தால் காவல் நிலையத்துக்கு அலைய வேண்டுமே என்ற பயம் ஒரு காலத்தில் நியாயமாகத்தான் இருந்தது. 2016இல் உச்ச நீதிமன்றமும், 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 134ஏ பிரிவும் அதை மாற்றிவிட்டன. மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, பெயரைக்கூடச் சொல்லாமல் நீங்கள் கிளம்பிப் போகலாம். போலீஸ் வந்தால்தான் தொடுவோம் என்று மருத்துவமனையும் சொல்லக் கூடாது; அந்தத் தீர்ப்பு 1989லேயே வந்துவிட்டது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் முதல் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது. அரசு மருத்துவமனையிலும், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் முதல் 48 மணி நேர உயிர்காக்கும் சிகிச்சைக்குப் பணம் கேட்கக் கூடாது.

இப்போது ஒரு காகிதத்தைப் பற்றிப் பேச வேண்டும். விபத்துப் பதிவேடு, மருத்துவமனையில் நாங்கள் ஏ.ஆர். என்போம். எங்கே, எப்போது, எப்படி அடிபட்டது என்று பணி மருத்துவர் கேட்டு எழுதும் பதிவு அது. எத்தனை பேர் என் எதிரே உட்கார்ந்துகொண்டு, "வழுக்கி விழுந்துவிட்டேன் டாக்டர்" என்று சொல்லியிருக்கிறார்கள்! சட்டையில் டயர் தடம் இருக்கும். இடித்தவர் வாசலில் நிற்பார். கையில் இரண்டாயிரமோ மூவாயிரமோ கொடுத்துச் சமாதானம் பேசியிருப்பார். அல்லது, போலீஸ் கேஸ் எதற்கு என்று மைத்துனர் சொல்லியிருப்பார். நோயாளி சொல்வதைத்தான் நான் எழுத முடியும். ஆறு வாரம் கழித்து எலும்பு கூடவில்லை, தகடு வைக்க வேண்டும், ஆறு மாதம் வேலைக்குப் போக முடியாது என்று ஆகும்போது அவர்கள் வழக்கறிஞரிடம் போவார்கள். அந்த வழக்கறிஞர் முதலில் கேட்பது ஏ.ஆர். நகலைத்தான். அதில் என் கையெழுத்தில் 'வழுக்கி விழுந்ததாகக் கூறினார்' என்று இருக்கும். பிறகு, விபத்து இழப்பீட்டை முடிவு செய்யும் தீர்ப்பாயத்தில் என்னைக் கூண்டில் ஏற்றிக் கேட்டு என்ன பயன்? நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். இடித்தவர் நல்லவராக இருந்தால் அவருக்கும் கெடுதல் இல்லை. இழப்பீட்டைப் பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனம்தான் கொடுக்கப்போகிறது.

ஏ.ஆர். நகல், முதல் தகவல் அறிக்கை, எக்ஸ்ரே, ஸ்கேன், மருந்துக் கடை ரசீது எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். தீர்ப்பாயத்தில் மனுச் செய்யச் சட்டம் ஆறு மாதம் என்கிறது. கட்டுப் பிரித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். இடித்த வண்டி எதுவென்றே தெரியாமல் போனாலும் வழி இருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் அப்படிப்பட்ட விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சமும், பலத்த காயம் அடைந்தவருக்கு 50,000 ரூபாயும் உண்டு. வட்டாட்சியர் நிலையில் உள்ள அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஓட்டியவர் ஓடிவிட்டார் என்று பலரும் இதைக் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள்.

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றாலும் முதல் ஓர் இரவும் பகலும் யாராவது கூட இருக்க வேண்டும். கூடிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கம், பேச்சுக் குழறல், சிறுநீரில் ரத்தம், வயிறு கல்லாக இறுகுவது, கட்டுப் போட்ட காலில் விரல் வெளிறி மரத்துப்போவது: இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள்.

முதியவர்களுக்கு அந்த ஒரு நாள் கணக்கும் போதாது. இதய நோய்க்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். எழுபத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவரை மகன் அழைத்து வந்தார். "அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது டாக்டர். பத்து நாளாகச் செருப்பைக் கால் மாற்றிப் போடுகிறார். நடை தள்ளாடுகிறது. வயதாகிவிட்டது இல்லையா?" அடிபட்டாரா என்று கேட்டேன். இல்லை என்றார். கூட வந்திருந்த மருமகள்தான் யோசித்துச் சொன்னார்: "மாமா ஒரு மாதத்துக்கு முன்னால் ரேஷன் கடைக்குப் போய்வரும்போது சைக்கிள்காரப் பையன் ஒருவன் இடித்துவிட்டான் என்றாரே. ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார்."

ஸ்கேனில் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே பழைய ரத்தம் தேங்கி இருந்தது. நரம்பியல் அறுவை மருத்துவர் சிறு துளை போட்டு அதை வடித்தார். மூன்றாம் நாள் காலை வார்டுக்குப் போனேன். பெரியவர் தலையில் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்து மருமகளிடம் கோபமாக ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அன்று சைக்கிள் இடித்தபோது ரேஷன் கடை வாசலில் விட்டுவந்த குடையை யாராவது போய் எடுத்தீர்களா என்று.