பெத்தாவும் மூத்தம்மாவும் சிரிக்க வைக்கிற படம்

வணக்கம் நேயர்களே.

2023இல் ஹொலிவூட்டில் '80 ஃபோர் பிராடி' என்றொரு நகைச்சுவைப் படம் வந்தது. வயது போன நாலு தோழிகள், தங்களுக்குப் பிடித்த வீரர் ஆடுகிற அமெரிக்கக் காற்பந்து இறுதிப் போட்டியைப் பார்க்க ஹூஸ்டனுக்குக் கிளம்புகிறார்கள். அவர்களில் ஒருவராக நடித்த ரீட்டா மொரேனோவுக்கு அப்போது 91 வயது. அந்த வயதில் ஒரு பெண் கதையின் நடுவில் நிற்பதே எனக்குப் பெரிய சந்தோசம். நம்முடைய படங்களில் பாட்டிக்குக் காது கேட்காது, வெற்றிலை இடிப்பார், பேரன் அவரைப் பகிடி பண்ணுவான். அவ்வளவுதான் அவர் வேலை.

ஆனாலும் அந்த நால்வரில் மூவர் வெள்ளையர். மொரேனோ போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். கறுப்பினப் பெண் ஒருவரும் இல்லை. அமெரிக்காவில் முதுமை அடைகிறவர்கள் இவ்வளவு பேர்தானா என்ற கேள்வி எழத்தான் செய்யும்.

தமிழில் 2017இல் பிரம்மா இயக்கிய 'மகளிர் மட்டும்' படத்தில் ஊர்வசி, சரண்யா, பானுப்பிரியா மூவரும் பள்ளிக்காலத் தோழிகள். வருசக்கணக்காகப் பிரிந்திருந்தவர்கள் மறுபடி சந்தித்துப் பயணம் போகிறார்கள். அங்கே சிரிப்பை உண்டாக்குகிறவர்கள் அந்தப் பெண்களேதான். அதனால் அந்தப் படம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

சரி, மட்டக்களப்பில் இப்படியொரு படம் எடுக்கிறோம் என்று வைப்போம். ஒருவருக்குத் திருநீறு, ஒருவருக்கு முக்காடு, பறங்கியர் வீட்டு அன்ரிக்கு ஒரு கவுண். இப்படி உடுத்தி நிறுத்திவிட்டு, எல்லாச் சமூகமும் இருக்கிறது என்று சொல்வது லேசு. யார் வாயிலிருந்து பகிடி வருகிறது, அது யாருடைய வாழ்க்கையிலிருந்து வருகிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

கிளினிக் நாளில் ஆஸ்பத்திரி வாங்கில் கொஞ்ச நேரம் இருந்து பாருங்கள். படுவான்கரைப் பெத்தாவும் (தமிழ்ப் பாட்டி) காத்தான்குடி மூத்தம்மாவும் (முஸ்லிம் பாட்டி) கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சீனி, பிறசர் பற்றிக் கதைப்பார்கள். அப்படி ஒருநாள் தாதி ஒரு பெத்தாவிடம், "அம்மா, நீங்க ஆரோட இருக்கிறீங்க?" என்று கேட்டார்.

"நான் ஒருத்தரோடயும் இல்ல மகள். என்னோடதான் நாலு பேர் இருக்காங்க."

வாங்கு முழுக்கச் சிரிப்பு. அதிகம் சிரித்தது பக்கத்திலிருந்த மூத்தம்மா. காரணம் இருக்கிறது. எங்கள் பக்கம் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு மகளுக்குத்தான் போகும். கலியாணம் முடித்த மருமகன் பெண் வீட்டுக்கு வருவார். வீட்டை எழுதிக் கொடுத்த தாய், பல இடங்களில் அதே வளவில் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார். பெத்தா அந்த ஒரு வரியில் வளவையே திருப்பி எடுத்துவிட்டார். மூத்தம்மாவுக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை. சென்னைப் பாட்டி வசனத்தை இங்கே கொண்டுவந்து ஒட்டினால் இந்தச் சிரிப்பு வராது.

கல்லடி விபுலாநந்தர் அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகம் படிக்கிற பிள்ளைகளிடமும், இங்கே குறும்படம் எடுக்கிற தம்பி தங்கச்சிமாரிடமும் கேட்கிறேன்: இளம் பிள்ளையின் தலையில் வெள்ளைப் பவுடரைக் கொட்டிப் பாட்டியாக்க வேண்டாம். உண்மையான பெத்தாமாரைக் கூப்பிடுங்கள். எழுதிய வசனத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டி, "இப்படிக் கதைப்பீங்களா?" என்று கேட்டு, திருத்த விடுங்கள். ஒத்திகையைப் பகலில் வையுங்கள், தொழுகை நேரம், கோயில் சடங்குக் காலம் எல்லாம் பார்த்து. வாகரையிலிருந்து வருகிறவருக்கு பஸ் காசும் கொடுங்கள்.