மத்தி வரும் கரை

நேயர்களுக்கு என் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழரின் வரலாற்றைப் பற்றி எந்த மேடையில் பேசினாலும், அப்பேச்சு கரும்புத் தோட்டத்தில் தொடங்கிக் கரும்புத் தோட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று இத்துறைமுகத்தை அடைந்ததையும், வந்தவர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கட்டுண்டு உழைத்ததையும் நம் பிள்ளைகள் பள்ளியிலேயே படித்துவிடுகிறார்கள். ஒப்பந்தம் முடிந்தபின் ஒரு சிலர் கடலை நோக்கி நடந்தார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. நான் நெடுங்காலமாக மனத்தில் சுமந்துவரும் செய்தி அதுதான். இன்று அதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

துறைமுகத்துக்குள் இருக்கும் சாலிஸ்பரித் தீவில் அவர்கள் குடியேறி, மீன் பிடித்து, உப்பிட்டு உலர்த்தினார்கள். தோட்டத் தொழிலாளருக்கு அளந்து கொடுத்த படியில் அரிசி, பருப்போடு கருவாடும் இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், இத்தொழில் எவ்வளவு பேருடைய உணவோடு இணைந்திருந்தது என்பது விளங்கும். பின்னாளில் தீவை விட்டுக் குடும்பங்கள் பிளஃப் பகுதியின் ஃபின்லண்ட்ஸுக்குப் பெயர்ந்தன. ஒவ்வோர் இனத்தாரும் தனித்தனிப் பகுதியில்தான் வாழ வேண்டும் என்று 1950இல் வந்த குழுப் பகுதிகள் சட்டம் அங்கிருந்தும் அவர்களைப் பெயர்த்து, கடல் கண்ணுக்கே தெரியாத சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியது. 1961இல் அதே சாலிஸ்பரித் தீவில்தான் இந்தியருக்கென்று தனியாக ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியைத் திறந்தார்கள். அங்கே படித்தவர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் காலடி மண்ணில் ஒரு காலத்தில் கருவாடு காய்ந்தது தெரிந்திருக்கும்?

அவர்கள் கையாண்டது கரைவலை. கடற்கரையில் நின்று பார்த்த அனைவருக்கும் அது பழகிய காட்சிதான். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் நிற்பவர்களிடம் கொடுத்துவிட்டு, படகு அலையை உடைத்துக்கொண்டு வெளியே சென்று, மீன்கூட்டத்தைச் சுற்றி வளைத்து வலையை இறக்கியபடி மறுபுறம் கரையேறும். அதன்பின் இருபுறமும் ஆட்கள் சேர்ந்து இழுக்க வேண்டும். அலை உடையும் இடத்தில் படகைக் கவிழாமல் கொண்டுசெல்வதே இதில் கடினமான பகுதி. அந்தத் திறனை நினைவில் வைத்துக்கொண்டு, நான் சொல்லப்போகும் நிகழ்ச்சியைக் கேளுங்கள்.

1917 அக்டோபர் இறுதியில் உம்கேனி ஆறு பெருக்கெடுத்தது. ஸ்பிரிங்ஃபீல்ட் தாழ்நிலத்தில் ஆற்றோரமாகத் தகரக் குடிசைகளில் நம்மவர்கள் வாழ்ந்த டின் டவுன் குடியிருப்பை 28ஆம் தேதி வெள்ளம் சூழ்ந்தது. மக்கள் கூரைகளிலும் மரங்களிலும் தொற்றிக்கொண்டிருந்தார்கள். அப்போது மாரிமுத்து படவட்டான் என்ற மீனவரும் அவருடைய தோழர் ஐவரும், கரைவலைக்குப் பயன்படுத்திய தங்கள் படகை அந்த வெள்ளத்தில் இறக்கினார்கள். அவர்கள் காப்பாற்றியவர்கள் 176 பேர் என்று பதிவாகியிருக்கிறது. மீண்டும் சொல்கிறேன், நூற்று எழுபத்தாறு உயிர்கள், ஆறு மீனவர்கள், ஒரு மரப்படகு. துணிவு மட்டும் இருந்தால் இது நடந்திருக்காது. நாள்தோறும் அலையைக் கடந்து பழகிய கைகளுக்கே, புரண்டுவரும் நீரில் துடுப்பை எந்தப் பக்கம் அழுத்த வேண்டும் என்பது தெரியும். படவட்டான் அறுவர் என்று அவர்களைக் குறிப்பிடுவது வழக்கம். உம்கேனிப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் அவர்களை நினைக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை; உங்கள் பிள்ளைகளோடு அவ்வழியே செல்லும்போது நீங்களும் இதைச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனி மத்தி மீனுக்கு வருகிறேன். ஈஸ்டரில் இசிப்பிங்கோ மாரியம்மனுக்கு நேர்த்திக்கடன் செலுத்திவிட்டு வந்தபின், காற்றில் குளிர் ஏறத் தொடங்கும். மே முதல் ஜூலை வரையிலான அந்தக் காலத்தில், ஆப்பிரிக்காவின் தென்கோடியில் உள்ள அகுல்லாஸ் கடற்பரப்பிலிருந்து மத்திக் கூட்டம் கிழக்குக் கேப் கரையை ஒட்டி நம் பக்கம் வருகிறது. வெதுவெதுப்பான அகுல்லாஸ் நீரோட்டம் எதிர்த்திசையில், தென்மேற்காகப் பாய்கிறது; அதற்கும் கரைக்கும் இடையே குளிர்காலத்தில் உருவாகும் குறுகிய குளிர்நீர்ப் பாதையே மத்தியின் வழி. அந்தப் பாதை உருவாகாத ஆண்டில், டர்பனுக்குத் தெற்கே உள்ள கடற்கரை ஊர்களான மார்கேட்டிலும் ஸ்காட்பர்க்கிலும் மக்கள் கூடைகளோடு காத்திருந்து வெறுங்கையோடு திரும்புகிறார்கள். மத்தி எங்கே போயிற்று என்று கேட்பவர்களிடம், தண்ணீர் குளிர்ந்ததா என்று முதலில் கேளுங்கள் என்பேன்.

மரபணுக்களை ஆராய்ந்து 2021இல் வெளியான ஓர் ஆய்வு, இங்கு வரும் மத்திகள் பெரும்பாலும் அட்லாண்டிக் பக்கத்துக் குளிர்நீருக்குப் பழகிய இனத்தொகையைச் சேர்ந்தவை என்று காட்டியது. அப்பெரும் பயணத்தால் அவற்றுக்கு நன்மை ஏதுமில்லை. குளிர்நீர் விலகியதும் தங்களுக்கு ஒவ்வாத வெப்பத்தில் சிக்கிக்கொள்கின்றன. கரையில் நின்று ஆரவாரத்தோடு மத்தியை அள்ளும் நமக்கு இது வருத்தம் தரும் செய்திதான். ஆயினும் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி.

கரைவலைக் குடும்பங்களில் நீரைப் பார்த்துச் சொல்பவருக்குத் தனி மதிப்பு உண்டு. மேட்டில் நின்று, நீரில் நகரும் கருநிழலையும், கேனட் பறவைகள் செங்குத்தாக விழும் இடத்தையும் கண்டு, படகு எப்போது புறப்பட வேண்டும் என்று அவரே கையசைப்பார். ஓங்கில்களும் சுறாக்களும் மத்தியைத் தொடர்ந்து வரும். அவை சிக்கி மடியாமல் இருக்க, 1952இல் டர்பனில் முதன்முதலில் போடப்பட்ட சுறாத் தடுப்பு வலைகளை மத்தி வரும் காலத்தில் சுறா வாரியத்தினர் அகற்றிவிடுகிறார்கள். ஆகவே வலை இல்லாத கரையில் பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் நினைவூட்ட வேண்டிய செய்தி இது. அதே வாரங்களில் கூனல்முதுகுத் திமிங்கிலங்கள் குட்டி ஈன மொசாம்பிக் பக்கம் செல்வதையும் பிளஃப் மேட்டிலிருந்து காணலாம். அந்தப் பிளஃப் கரையிலேயே 1975 வரை திமிங்கிலங்களை வெட்டிக் கொழுப்பு உருக்கினார்கள் என்பதை எண்ணும்போது, இன்று எழும் அந்த நீர்த்தாரையைக் காண மனம் நெகிழ்கிறது.

ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றி முடித்து, புரட்டாசி பிறந்ததும் நம் வீடுகளில் மீன்சட்டி ஓய்வெடுக்கும். அதை ஒட்டியே அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஷாட் மீன் முட்டையிடுவதற்காகச் சட்டமும் அம்மீனைப் பிடிக்கத் தடை விதிக்கிறது. விரதத்தை ஒழுங்காகக் காக்கும் நாம் இந்தத் தடையையும் அதே ஒழுக்கத்தோடு காக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நேரம் குறைந்துவிட்டதாக நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். கடலாமைகளைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், சுருக்கிக்கொள்கிறேன். நவம்பர் முதல் ஜனவரி வரை வடக்கே சோட்வானாவுக்கும் கோசி விரிகுடாவுக்கும் இடைப்பட்ட மணலில் பெருந்தலை ஆமைகளும் தோணியாமைகளும் இரவில் முட்டையிட ஏறுகின்றன. 1963 முதல் அங்கு அவற்றைக் காத்தும் கணக்கெடுத்தும் வருகிறார்கள். விடுமுறைக்கு அப்பக்கம் செல்பவர்கள் கடற்கரையில் விளக்கடிக்காமல், அனுமதி பெற்ற வழிகாட்டியோடு மட்டும் செல்லுங்கள். வீட்டில் வலை இழுத்த பெரியவர் யாரேனும் இருந்தால், வரும் ஜூன் மாதம் அவரைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, அவர் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். நன்றி, வணக்கம்.