தூக்கிய கை

நடுவர் அவர்களே, இரண்டு அணியிலும் அமர்ந்திருக்கும் நண்பர்களே, கேட்க வந்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

பொதுவாழ்வில் இருப்பவர் முதலில் கட்டுப்பட வேண்டியது கட்சிக்கா, மனசாட்சிக்கா? இதுதான் தலைப்பு. மனசாட்சிக்கே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் மூன்று விஷயம் சொன்னார். ஆளாளுக்கு ஒரு கருத்தோடு கிளம்பினால் கட்சி எப்படி நடக்கும் என்று கேட்டார். கட்சித் தாவிகளால் எத்தனை ஆட்சி கவிழ்ந்தது என்று கேட்டார். கடைசியாக, "மாற்றுக் கருத்து இருந்தால் உள்ளே பேசுங்கள், வெளியே வந்தால் ஒரே குரல்தான்" என்று முடித்தார். அதற்குத்தான் கைதட்டல் அதிகம். அதனால் என் பேச்சில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான் இருக்கும்.

தாவிகள் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். 1967ல் இந்தியாவில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் பதினைந்து நாளில் மூன்று தடவை கட்சி மாறினார். அந்த மாதிரி ஆட்களைத் தடுக்கத்தான் 1985ல் அரசியல் சட்டத்தின் 52வது திருத்தம் வந்தது. கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலும் சரி, வாக்களிக்காமல் விட்டாலும் சரி, கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால் பதவி போகும். தாவுகிறவரையும் மனம் ஒப்பாமல் மறுக்கிறவரையும் ஒரே கயிற்றால் கட்டுகிறது அந்தச் சட்டம். ஆனால் நமக்கு வித்தியாசம் தெரியும். மறுநாள் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள், போதும். தாவியவருக்கு ஏதாவது கிடைத்திருக்கும். மறுத்தவர் கையில் இருந்ததையும் இழந்திருப்பார். நான் பேசுவது இந்த இரண்டாவது ஆளுக்காக.

சரி, "உள்ளே பேசு, வெளியே ஒரே குரல்" என்பதற்கு வருகிறேன். இதை அப்படியே கடைப்பிடித்தால் என்ன ஆகும் என்று வரலாறு ஒரு முறை காட்டியிருக்கிறது.

1914 ஆகஸ்ட் 3, ஜெர்மனி. அந்த நாட்டு நாடாளுமன்றத்தில் மிகப் பெரிய கட்சி சமூக ஜனநாயகக் கட்சி. பல வருடங்களாகப் போருக்கு எதிராகத் தீர்மானம் போட்ட கட்சி. அதற்கு முந்தின வாரம்கூடப் போர் வேண்டாம் என்று தெருவில் ஊர்வலம் போன கட்சி. போருக்குப் பணம் ஒதுக்க ஒப்புக்கொள்ளலாமா என்று அன்று அதன் உறுப்பினர்கள் தனியாகக் கூடிப் பேசினார்கள். ஆதரவு 78, எதிர்ப்பு 14. எதிரணி நண்பர் கேட்ட உட்கட்சி விவாதம் இதைவிட ஒழுங்காக நடக்க முடியாது. மறுநாள் சபை கூடியது. அந்தப் பதினான்கு பேரும் கட்டுப்பாட்டுக்குப் பணிந்தார்கள். எதிர்ப்பு வாக்கு ஒன்றுகூட விழவில்லை.

அந்தப் பதினான்கு பேரில் ஒருவர் ஹூகோ ஹாசே. கட்சித் தலைவர் என்ற முறையில் ஆதரவு அறிக்கையை வாசிக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. முந்தின நாள் கூடாது என்று வாதாடிய அதே வாயால், "ஆபத்து நேரத்தில் தாய்நாட்டைக் கைவிட மாட்டோம்" என்று அவர் வாசித்தார். வெளியே இருந்த மக்களுக்கு என்ன தெரிந்திருக்கும்? கட்சி முழுக்க ஒரே மனசோடு இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். "எனக்கு மட்டும்தான் இப்படித் தோன்றுகிறது போல" என்று சந்தேகத்தோடு இருந்த தொண்டனும் வாயை மூடிக்கொண்டிருப்பான். அந்தப் போரில் ஜெர்மனி மட்டும் சுமார் 20 லட்சம் படைவீரர்களைப் பறிகொடுத்தது. பதினான்கு பேர் எழுந்திருந்தால் போர் நின்றிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது என்ற உண்மையாவது அந்த 20 லட்சம் வீடுகளுக்குத் தெரிந்திருக்கும். அது அவர்களிடமிருந்து மறைக்கப்பட்டது.

அப்புறம் நடந்ததையும் கேளுங்கள். டிசம்பர் 2ஆம் தேதி மறுபடி பணம் கேட்டு வாக்கெடுப்பு. ஆகஸ்டில் பணிந்தவர்களில் ஒருவரான கார்ல் லீப்னெக்ட் இந்த முறை பணியவில்லை. மொத்த சபையிலும் அவர் ஒருவர்தான் எதிர்த்து வாக்களித்தார். துரோகி என்றார்கள். அடுத்த மார்ச்சில் எதிர்த்தவர்கள் இரண்டு பேர். 1915 டிசம்பரில் அதே கட்சியிலிருந்து இருபது பேர். 1916 மார்ச்சில், அன்று அறிக்கை வாசித்த ஹாசேவே சபையில் எழுந்து எதிர்த்துப் பேசினார்; அவரையும் அவரோடு நின்றவர்களையும் கட்சி தன் நாடாளுமன்றக் குழுவிலிருந்து நீக்கியது.

ஒன்று, இரண்டு, இருபது. முதல் ஆள் எழுந்த பிறகுதான் மற்றவர்களுக்குக் கால் வந்தது.

நடுவர் அவர்களே, இது எனக்குப் புத்தகத்தில் படித்த சங்கதி மட்டும் இல்லை. நான் பத்து வருடத்துக்கு மேல் ஒரு கட்சியில் இருந்தவன். எந்தக் கட்சி என்பது இங்கே தேவையில்லை. எங்கள் நிர்வாகி ஒருவர் மீது எங்கள் கட்சியிலேயே வேலை செய்த ஒரு பெண் புகார் கொடுத்தார். அதே மாதிரிப் புகார் எதிர்க்கட்சி ஆள் மேல் வந்தபோது நாங்கள் கொடி பிடித்துத் தெருவில் நின்றிருக்கிறோம். இந்த முறை மாடி அறையில் கூட்டம் போட்டு, "இது எதிரிகளின் சதி" என்று தீர்மானம் எழுதினோம். ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார்கள். நானும் தூக்கினேன். முழுசாகத் தூக்கவில்லை, தோள் உயரத்துக்குத்தான். முன்னால் இருந்தவரின் சட்டைக் காலரையே பார்த்துக்கொண்டு அப்படியே வைத்திருந்தேன். எண்ணிக்கையில் அரைக் கைக்கும் முழுக் கைக்கும் ஒரே மதிப்புதான். ஒருமனதாக நிறைவேறியது என்று எழுதிக்கொண்டார்கள்.

கூட்டம் முடிந்து படி இறங்கும்போது ஒருவர் என் தோளைத் தொட்டு, "அந்தப் பொண்ணு பொய் சொல்ற ஆள் இல்லண்ணே" என்றார். வாசலில் இன்னொருவரும் அதையே சொன்னார். வண்டி நிறுத்திய இடத்தில் மூன்றாவது ஆள். நாங்கள் நாலு பேரும் ஒரே அறையில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, மற்றவர் கை தூக்கியதால் தானும் தூக்கியவர்கள்.

சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களில் இதைத்தான் அளந்து பார்த்தார். ஒரு அட்டையில் ஒரு கோடு. இன்னொரு அட்டையில் மூன்று கோடுகள். எது சம நீளம் என்று சொல்ல வேண்டும். தனியாகக் கேட்டால் அநேகமாக யாரும் தவறமாட்டார்கள், அவ்வளவு சுலபம். ஆனால் சுற்றி இருப்பவர்கள் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே தவறான பதிலைச் சொன்னபோது, சோதனைக்கு வந்தவர்களின் பதில்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கூட்டத்தோடு போனது. கண்ணுக்கு நேரே இருக்கும் கோடு! கூட்டத்தில் ஒரே ஒரு ஆள் சரியாகச் சொன்னதும், அது ஏறக்குறைய இருபதில் ஒன்றாகக் குறைந்தது. என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறு. அந்த ஒரு ஆள் கூட்டத்தைவிட மோசமான தவறான பதிலைச் சொன்னபோதும் மற்றவருக்குத் தைரியம் வந்தது. மாற்றி ஒரு குரல் கேட்டதே போதுமாக இருந்தது.

தனிக் கருத்து தவறாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று அடுத்து வரும் எதிரணித் தலைவர் கட்டாயம் கேட்பார். கேட்க வேண்டிய கேள்வி. ஜெனட் ராங்கின், அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் பெண். 1917ல் முதல் உலகப் போருக்கு எதிராக வாக்களித்த ஐம்பது பேரில் ஒருவர். 1941ல் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட மறுநாள், ஜப்பான் மீது போர் அறிவிக்கும் தீர்மானம் வந்தது. 388 பேர் ஆதரவு. எதிர்ப்பு ஒன்று, அது அவருடையது. எதிர்க்காமல் ஒதுங்கியாவது இருங்கள் என்று சகாக்கள் கெஞ்சினார்கள். "பெண் என்பதால் நான் போருக்குப் போக முடியாது, வேறு யாரையும் அனுப்பவும் மறுக்கிறேன்" என்றார். வெளியே கூட்டம் சூழ்ந்துகொண்டதால் ஒரு தொலைபேசிக் கூண்டுக்குள் ஒதுங்கி நின்று, காவலர்கள் வந்த பிறகுதான் தன் அலுவலகத்துக்குப் போக முடிந்தது. அவர் அன்று சொன்னது தவறு என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் அவர் எதிர்த்ததால் நாட்டுக்கு என்ன நஷ்டம்? 388 பேர் நினைத்தது நடந்துவிட்டது. 1914ல் பதினான்கு பேர் பணிந்ததற்கு ஆன செலவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கட்சியில் உறுப்பினராக இல்லாதவர்களும் இதிலிருந்து தப்ப முடியாது. 2003ல் ஜெஃப்ரி கோஹன் என்ற உளவியலாளர் ஒரு ஆய்வை வெளியிட்டார். நலத்திட்டம் ஒன்றை அமெரிக்க மாணவர்களிடம் கொடுத்தார். தாராளமான திட்டமா, கறாரான திட்டமா என்பதைவிட, தங்கள் கட்சி அதை ஆதரிக்கிறதா என்பதே அவர்கள் பதிலை முடிவு செய்தது. கட்சிப் பெயர் உங்களைப் பாதித்ததா என்று கேட்டால், இல்லை, நானே யோசித்தேன் என்றார்கள். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினார்கள். அதற்காகக் கட்சி சொல்வதையெல்லாம் எதிர்க்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை. எதிர்ப்பதற்காகவே எதிர்க்கிறவரும் கட்சியைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார். நான் இப்போதெல்லாம் ஒரு வேலை செய்கிறேன். ஒரு செய்தியைப் பார்த்ததும் கோபம் வந்தால், பெயர்களை மாற்றிப் போட்டு இன்னொரு முறை படிப்பேன். கோபம் குறைந்தால், அது என் கோபம் இல்லை.

மணி அடித்துவிட்டது, முடிக்கிறேன். அந்தப் பெண்ணை ஐந்து வருடம் கழித்து ஒரு திருமண வீட்டில் பார்த்தேன். கட்சியை விட்டு எப்போதோ போய்விட்டார். நான் வணக்கம் சொன்னேன். அவர் நலம் விசாரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அன்னைக்கு நீங்களும் கை தூக்குனீங்களாண்ணே?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.