84க்கும் 85க்கும் நடுவில்

நேயர்களுக்கு வணக்கம்.

2010ஆம் ஆண்டு அக்டோபரில் 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' என்ற வீடியோ கேம் வெளிவந்தது. அணுகுண்டுப் போருக்குப் பிறகு மிஞ்சியிருக்கும் அமெரிக்கப் பாலைவனத்தில் நடக்கும் கதை. உருவாக்கியது கலிபோர்னியாவின் அப்சிடியன் நிறுவனம், வெளியிட்டது பெதஸ்டா. அப்சிடியனுக்கு ஒரு தொகை பேசி முடித்திருந்தார்கள். விற்பனையில் பங்கு கிடையாது. பல விமர்சகர்களின் மதிப்பெண்களைத் திரட்டி நூற்றுக்கு இத்தனை என்று சராசரி போடும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் 85ஐத் தொட்டால் மட்டும் தனியாக ஊக்கத்தொகை உண்டு. வந்தது 84. இந்த விவரத்தை 2012இல் வெளியில் சொன்னவர் கிறிஸ் அவலோன், அந்த கேமை உருவாக்கிய குழுவின் முக்கியமானவர்களில் ஒருவர்.

ஒரே ஒரு மதிப்பெண். 35 வேண்டிய இடத்தில் 34 எடுத்த பிள்ளை இருக்கும் வீடு எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் பள்ளித் தேர்வில் விடைத்தாளை மறுபடி கூட்டிப் பார்க்கச் சொல்லிக் கேட்க முடியும். இங்கே அதற்கு வழியில்லை.

பன்னிரண்டு வருடங்களாக நான் வீடியோ கேம் விமர்சனம் எழுதுகிறேன். கட்டுரையை முடித்துவிட்டு, கீழே பத்துக்கு 8 போடுவதா எட்டரை போடுவதா என்று யோசித்து, ஏதோ ஒன்றைப் போட்டு அனுப்பியிருக்கிறேன். மூன்று நாள் எழுதிய கட்டுரைக்கு அரை நிமிடத்தில் மதிப்பெண். அவலோன் சொன்னதைப் படித்த பிறகு அந்த அரை நிமிடம் எனக்குச் சுலபமாக இருந்ததில்லை.

விமர்சனம் எப்படி எழுதப்படுகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வெளியீட்டுக்குச் சில நாட்கள் முன்பு நிறுவனம் ஒரு பிரதியை அனுப்பும். இன்ன தேதி, இன்ன மணிக்கு முன்னால் எதுவும் வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையும் கூடவே வரும். எம்பார்கோ என்பார்கள். எல்லாத் தளங்களும் அந்த மணிக்குச் சரியாக வெளியிடும். ஒருநாள் பிந்தினால் படிக்க ஆள் இருக்காது. ஆகவே ஓட்டம்தான்.

ஒருமுறை அறுபது மணி நேரம் ஆடவேண்டிய கேம் ஒன்று எனக்கு வியாழக்கிழமை இரவு வந்தது. திங்கள் மாலை எம்பார்கோ முடிகிறது. தூங்கும் நேரம் போக மீதியெல்லாம் ஆடினேன். நடுப்பகுதி ஒரே இழுவை என்று எழுதி 6 கொடுத்தேன். சில மாதங்கள் கழித்து, யாருடைய கெடுவும் இல்லாமல், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் என்று அதையே மறுபடி ஆடினேன். இழுவை என்று நான் எழுதிய அந்த ஊர்ப் பகுதிதான் அதன் உயிர். கடைக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்து, மழை விடும்வரை திண்ணையில் நின்று, மெதுவாகப் பழக வேண்டிய ஊர் அது. நான் ஓடியே கடந்திருந்தேன். என் 6 சராசரியில் அப்படியே இருக்கிறது. மெட்டாகிரிட்டிக் ஒரு தளம் முதலில் கொடுத்த மதிப்பெண்ணை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். பிறகு மாற்றிக்கொண்டால் ஏற்காது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். கேமுக்கு அது பொருந்தாது. முதல் மணி நேரத்தில் நன்றாக இருப்பது முப்பதாவது மணி நேரத்தில் சலிக்கலாம். என் கணினியில் வழுக்கிக்கொண்டு ஓடுவது டிவியில் மாட்டி ஆடும் உங்கள் பழைய கன்சோல் கருவியில் திணறலாம். 2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' வந்தபோது நடந்தது இதுதான். வெளியீட்டுக்கு முன்னால் விமர்சகர்களுக்குக் கிடைத்தது கம்ப்யூட்டர் பிரதி மட்டும். தாங்கள் ஆடியதைப் படம்பிடித்துக் காட்டவும் அனுமதி இல்லை. பாராட்டு மழை பொழிந்தது. சோனி நிறுவனத்தின் கன்சோலான பிளேஸ்டேஷன் 4 வைத்திருந்தவர்கள் காசு கொடுத்து வாங்கிப் போட்டுப் பார்த்தால், மனிதர்கள் முகமில்லாமல் நிற்கிறார்கள், ஆட்டம் பாதியில் நின்றுபோகிறது. ஒரே வாரத்தில் சோனி தன் இணையக் கடையிலிருந்து அந்த கேமை எடுத்துவிட்டது. அரை வருடம் கழித்துத்தான் அது திரும்ப வந்தது. இன்று மெட்டாகிரிட்டிக்கில் பாருங்கள்: கம்ப்யூட்டருக்கு 86, பிளேஸ்டேஷன் 4க்கு 57. அதில் விமர்சகர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. எந்தக் கருவியில் ஆடினோம், எதைப் பார்க்கவிடவில்லை என்பதைத் தலைப்புக்குப் பக்கத்திலேயே பெரிதாகப் போட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அப்புறம் இந்த எண்களின் அளவுகோல். மெட்டாகிரிட்டிக்கில் ஒரு திரைப்படம் 61 எடுத்தாலே, நல்லது என்று காட்டும் பச்சை நிறம் கிடைக்கும். கேமுக்கு 75 வேண்டும். 70 எடுத்த படம் நல்ல படம், 70 எடுத்த கேம் சுமார். பத்துக்கு ஏழு என்றால் வாங்காதே என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளும் அளவுக்கு நாங்கள்தான் எண்களை ஊதிவிட்டோம். 1993இல் தொடங்கிய பிரிட்டனின் 'எட்ஜ்' பத்திரிகை தன் முதல் 10ஐக் கொடுக்க 1996வரை காத்திருந்தது. 'சூப்பர் மாரியோ 64'க்குக் கொடுத்தது. ஐந்து என்றால் சராசரி என்று அவர்கள் உண்மையிலேயே கடைப்பிடித்தார்கள். ஐந்து நட்சத்திரத்துக்கு மூன்று கொடுப்பவர் பார்க்கலாம் என்ற பொருளில்தான் கொடுக்கிறார். மெட்டாகிரிட்டிக் சராசரிக்குப் போகும்போது அது 60 ஆகிவிடுகிறது. அவர் சொல்லாததை அவர் வாயில் போடுகிறோம்.

கிராபிக்ஸுக்கு இத்தனை, சத்தத்துக்கு இத்தனை, கதைக்கு இத்தனை என்று பிரித்துப் போட்டுக் கூட்டும் முறையும் நெடுநாள் இருந்தது. 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் முதன்முதலில் 'டெட்ரிஸ்' எழுதிய கணினியில் படம் வரையும் வசதியே கிடையாது. எழுத்துக்குறிகளை அடுக்கித்தான் கட்டைகளைக் காட்டினார். பிரித்துப் போட்டால் அதற்கு என்ன தேறும்?

எனக்குப் பிடித்த முறை ஜப்பானுடையது. 1986இல் தொடங்கிய 'ஃபாமிட்சு' பத்திரிகையில் ஒரே கேமை நான்கு பேர் தனித்தனியாக மதிப்பிடுவார்கள். ஒவ்வொருவருக்கும் பத்து, மொத்தம் 40. முதல் 40 கிடைத்தது 1998இல், 'செல்டா: ஒக்கரினா ஆஃப் டைம்' கேமுக்கு. கூட்டுத்தொகையைத்தான் எல்லாரும் பேசுவார்கள். எனக்கு அருமையாகப் படுவது அந்த நான்கு எண்களும் நான்கு சின்னக் கருத்துகளும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாவதுதான். 30 என்று சொன்னால் ஒன்றும் புரியாது. 8, 8, 7, 7 என்றால் எல்லாருக்கும் ஓரளவு பிடித்திருக்கிறது. 10, 10, 5, 5 என்றால் இரண்டு பேர் உருகியிருக்கிறார்கள், இரண்டு பேர் வெறுத்திருக்கிறார்கள். நான் இரண்டாவதைத்தான் முதலில் வாங்குவேன்! நூறு பேர் கருத்தை ஒரே எண்ணாகக் காய்ச்சும்போது இந்த வித்தியாசம் ஆவியாகிப் போகிறது.

ஆடுகிறவர்களே மதிப்பெண் போடட்டும் என்றால் அதிலும் சிக்கல். 2020 ஜூனில் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகம் வந்த அன்றே ஆயிரக்கணக்கானோர் பூஜ்யம் போட்டார்கள். முடிக்க இருபது மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் கேம் அது. அதற்குப் பிறகுதான் மெட்டாகிரிட்டிக், வெளியாகி 36 மணி நேரம் கழித்தே பயனர்கள் மதிப்பெண் போடலாம் என்று விதி கொண்டுவந்தது.

மதிப்பெண்ணே வேண்டாம் என்று 2015இல் பிரிட்டனின் யூரோகேமர் தளம் விட்டுப் பார்த்தது. 2023இல் ஐந்து நட்சத்திர முறைக்குத் திரும்பிவிட்டது. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து ஒரு கேமை வாங்குகிறவருக்குச் சட்டென்று ஒரு விடை வேண்டியிருக்கிறது. நானும் எண் போடுகிறேன். அதற்கு மேலே, எந்தக் கருவி, எத்தனை மணி நேரம் ஆடினேன், முடித்தேனா இல்லையா, பிரதியை யார் கொடுத்தது என்று நான்கு வரி எழுதாமல் போடுவதில்லை.

சென்ற வருடம் ஒரு தாய் எனக்கு எழுதியிருந்தார். நான் ஒன்பது கொடுத்த ஒரு கேமை மகனின் பிறந்தநாளுக்கு வாங்கலாமா என்று கேட்டிருந்தார். பையனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதாம். என் ஒன்பதில் அதற்குப் பதில் இல்லை, கட்டுரையிலும் இல்லை. அன்று மாலை கேமின் செட்டிங்ஸ் என்னும் அமைப்புகளுக்குள் போய் நிறத்தை மாற்றி வைத்து ஆடிப் பார்த்தேன். எதிரிகளின் சிவப்பு, நீலமாக மாறியது. சின்ன வரைபடத்தில் இருக்கும் புள்ளிகள் மட்டும் மாறவில்லை. இரண்டு இடங்களில் அதனால் சிரமப்படுவான், யாராவது பக்கத்தில் இருந்தால் சமாளித்துவிடலாம் என்று பதில் எழுதினேன். அதிலிருந்து என் ஒவ்வொரு விமர்சனத்திலும் அதற்கென்று ஒரு பத்தி இருக்கிறது.

வணக்கம்.