மட்டக்களப்பு கல்லடிக் கடற்கரையில் ஒரு குழி தோண்டுங்கள், மாடிக் கட்டடம் ஏன் இழுபடுகிறது என்று தெரியும்!

துபாய் புர்ஜ் கலிஃபா 828 மீட்டர் உயரம். 2004இல் தொடங்கி 2010 ஜனவரியில் திறந்துவிட்டார்கள். கொழும்புத் தாமரைக் கோபுரம் அதில் பாதி உயரம்கூட இல்லை. 2012இல் தொடங்கினார்கள்; சனம் உள்ளே போக 2022 செப்டெம்பர் ஆகிவிட்டது!

வணக்கம் உறவுகளே. மட்டக்களப்பில் நாலு மாடிக் கட்டடம்கூடக் கம்பியை நீட்டிக்கொண்டு வருசக்கணக்கில் நிற்கிறது. நாமும் கொந்தராத்துக்காரரைத் திட்டுகிறோம். காசு முடை, நடுவில் வரைபடத்தை மாற்றும் உரிமையாளர், எல்லாம் எந்த ஊரிலும் உள்ளதுதான். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டபோது, பழைய விலைக்கு ஒப்பந்தம் எழுதியவர்கள் வேலையை அப்படியே நிறுத்தினார்கள். சரி, நம் ஊர் விசயத்துக்கு வருவோம்.

கல்லடிக் கடற்கரையில் பிள்ளைகள் குழி தோண்டுவதைப் பாருங்கள். முழங்கை ஆழத்தில் தண்ணீர் ஊறும். அள்ள அள்ள ஓரத்து மணல் சரியும். குழி அகலுமே தவிர ஆழமாகாது. அத்திவாரத்திலும் இதே கதைதான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல். பம்பைப் போட்டு அவசரமாக இறைத்தால் தண்ணீரோடு நுண்மணலும் வந்துவிடும், பக்கத்து வீட்டுச் சுவர் வெடிக்கும். அதனால் குழியைச் சுற்றித் துளையிட்ட குழாய்களை இறக்கி, மெதுவாக உறிஞ்சி, நீர்மட்டம் தாழ்ந்த பிறகுதான் தோண்ட வேண்டும்.

நிலத்துக்குக் கீழே ஒரு தளம் கட்டினால் இன்னும் சிக்கல். மேலே மாடிகளின் பாரம் ஏறுமுன் பம்பை நிறுத்தினால், நிலத்தடி நீர் அந்தக் கொங்கிறீட் பெட்டியைத் தோணி மாதிரி மேலே தூக்கிவிடும். கொங்கிறீட்டும் மிதக்கும் உறவுகளே! இதை முதலில் படித்தபோது எனக்கு அன்று இரவு நித்திரையே வரவில்லை.

இதற்கு மேல் மாரி. நமக்கு வருச மழையில் பெரும்பங்கு நவம்பர் முதல் ஜனவரிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். ஆவணியில் கிடைக்க வேண்டிய அனுமதிக் கடிதம் ஐப்பசியில் கிடைத்தால், கடிதம் பிந்தியது இரண்டு மாதம், வேலை பிந்துவது தை கழியும் வரை. பம்புக்கு டீசல், மண் தோண்டும் பெக்கோ இயந்திரத்துக்கு வாடகை, மேசன்மாருக்குச் சம்பளம் எல்லாம் அதற்குள் கரைந்துவிடும். அப்புறம் மேல்மாடிக்குக் காசு எங்கே? என்னைக் கேட்டால், இங்கே கட்டட அனுமதி எதுவும் ஆடிக்கு முன் கையில் கிடைக்க வேண்டும்.

உங்கள் தெருவில் பாதியில் நிற்கும் கட்டடத்துக்கு எந்த மாதம் குழி தோண்டினார்கள்? விசாரித்துக் கீழே கமெண்டில் எழுதுங்கள்.