இரவுக்கான மருந்தை விடிந்த பின்தான் அளக்க வேண்டும்

(கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு சனசமூக நிலையத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, மருத்துவம் படிக்கின்ற பிள்ளைகளே, வணக்கம்.

நித்திரை வராத துன்பம் எப்படிப்பட்டது என்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2009க்குப் பிறகு கண்ணை மூடவே அஞ்சுகிறவர்கள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். உடம்பில் ஷெல் துண்டைச் சுமப்பவருக்குப் புரண்டு படுத்தால் வலி. காலபோக நெல் முற்றும் நாட்களில் யானைவெடியோடு பரணில் காவல் இருந்த கமக்காரருக்கு, அறுவடை முடிந்து வீட்டில் படுத்தாலும் அதே சாமத்தில் விழிப்புத் தட்டுகிறது. மருந்தாளராக நெடுங்காலம் வேலை செய்த எனக்கு, இவர்கள் எல்லோரிடமும் கேட்டுப் பழகிய வாக்கியம் ஒன்றுதான்: "நித்திரைக்கு ஒரு குளிசை தாருங்கள்."

தரலாம். ஆனால் எதை நல்ல குளிசை என்பது? எவ்வளவு வேகமாகக் கண் செருகுகிறது என்று பார்த்தே நூறு ஆண்டுக்கு மேலாக அதை முடிவு செய்துவந்தார்கள். அந்தக் கணக்கே பிழை என்பது என் கட்சி. மறுநாள் காலை அந்த மனிதர் எப்படி எழுந்து நடமாடுகிறார் என்பதை வைத்துத்தான் மருந்தை மதிக்க வேண்டும்.

1903இல் ஜெர்மனியில் எமில் ஃபிஷரும் யோசஃப் வொன் மேரிங்கும் வெரோனல் என்ற மருந்தைக் கொண்டுவந்தார்கள். பார்பிட்டியூரேட் வகை. நித்திரை வந்தது, அளவு மிஞ்சினால் மூச்சும் நின்றது. அதைவிடப் பாதுகாப்பானது என்று சொல்லி 1957இல் தாலிடோமைட் விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகளும் விழுங்கினார்கள். கை கால் குறுகிப் பிறந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளைக் கண்ட பிறகே 1961இல் அதை மீளப்பெற்றார்கள். பின்னர் 1963இல் வேலியம் வந்தது. நம் ஊரில் டயசிபாம் என்று எழுதித் தருவது அதைத்தான்.

டயசிபாம் முன்னையவற்றைவிடப் பாதுகாப்பானது, மறுக்கவில்லை. ஆனால் அது உடம்பில் மாறி உண்டாகும் பொருளுக்கும் மயக்கும் குணம் உண்டு. அந்தப் பொருள் வெளியேறப் பல நாட்கள் ஆகும். வயதானவர்களுக்கு இன்னும் கூடுதலாகும். மருந்து கொடுக்கும் ஜன்னலில் ஓர் அம்மா சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே கொப்பித் தாள் மடிப்பு, அதற்குள் சவர பிளேட்டால் வெட்டிய அரைக் குளிசைகள், ஓரங்கள் பொடிந்து கிடந்தன. "பாதிதானே தம்பி போடுகிறேன்" என்றார். அந்தப் பாதியோடு முந்தைய நாட்களின் மிச்சமும் அவருடைய இரத்தத்தில் இருந்தது. விடிகாலையில் கிணற்றடிக்குப் போகும்போது கால் தள்ளாடுவதை அவர் வயதின் மேல் போட்டிருந்தார்.

சொல்பிடெம் என்ற நித்திரைக் குளிசையின் கதையைப் பிள்ளைகள் கவனமாகக் கேட்க வேண்டும். 1992இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து அது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு, 10 மில்லிகிராம். பெண்களின் உடம்பிலிருந்து அது மெதுவாகக் கழிகிறது, காலையில் வாகனம் ஓட்டும்போதும் ஆபத்தான அளவில் இரத்தத்தில் நிற்கிறது என்று அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு பெண்களுக்கான அளவை 5 மில்லிகிராமாகக் குறைத்தது 2013இல். இடையில் 21 ஆண்டுகள்! இரவைப் பார்த்தவர்கள் காலையைப் பார்க்கத் தவறியதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இப்போது நம்பிக்கை தரும் செய்திக்கு வருகிறேன். பழைய மருந்துகள் வேலை செய்யும் முறை, ஒரு விளக்கை அணைக்க ஊர் ட்ரான்ஸ்போமரையே நிறுத்துவது போன்றது. 1998இல் ஜப்பானிய விஞ்ஞானி மசாஷி யனகிசவாவின் குழுவும் இன்னொரு குழுவும் தனித்தனியே மூளையில் ஒரு பொருளைக் கண்டுபிடித்தன. அதுதான் ஒரெக்சின். பசியைத் தூண்டுவது என்றே முதலில் எண்ணினார்கள். பட்டப்பகலில் திடீரென்று உறங்கி விழும் நோயுள்ள டோபர்மான் நாய்களை ஆராய்ந்தபோது, ஒரெக்சினைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பி அவற்றில் பழுதாகியிருந்தது 1999இல் தெரிந்தது. நம்மை விழிப்பில் நிறுத்திவைப்பதே ஒரெக்சின்தான் என்பது அப்போதுதான் துலங்கியது. அப்படியானால் மூளை முழுவதையும் அமுக்க வேண்டியதில்லை. விழிப்பின் பிடியைத் தளர்த்தினால் போதும். அந்த வழியில் வந்தவைதான் 2014இல் சுவொரெக்சன்ட், 2019இல் லெம்பொரெக்சன்ட், 2022இல் டாரிடொரெக்சன்ட். சுவொரெக்சன்டுக்கு நிறுவனம் கேட்ட உயர்ந்த அளவுகளை அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு ஏற்கவில்லை. 10 மில்லிகிராமில் தொடங்க வேண்டும், 20ஐத் தாண்டக் கூடாது என்றது. மறுநாள் வாகனம் ஓட்டும் திறனே அங்கே அளவுகோலாக இருந்தது. டாரிடொரெக்சன்ட் சோதனையில் இன்னொரு படி மேலே போய், பகலில் எவ்வளவு சோர்வு என்று நோயாளியிடமே கேட்டு அதையும் முடிவுகளில் சேர்த்தார்கள். இதை நான் மனமார வரவேற்கிறேன்.

அதே சோதனையில் மருந்தே இல்லாத வெற்றுக் குளிசை பெற்றவர்களைவிட மருந்து பெற்றவர்கள் கூடுதலாகத் தூங்கியது சுமார் 20 நிமிடம். வெற்றுக் குளிசைக்காரர்களுக்கும் மூன்று மாதத்தில் அரை மணிக்கு மேல் நித்திரை கூடியிருந்தது. ஒருவர் உட்கார்ந்து கேட்டதும், இரவுகளைக் குறித்துவைத்ததுமே பாதி மருந்தாகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

என் கவலை வேறு. இத்தகைய சோதனைகளில் மனநோயும் கடும் வலியும் உள்ளவர்களை, இரவு வேலைக்காரர்களைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. அவர்களை நீக்கினால் வன்னியில் மிஞ்சுவது யார்? கெட்ட கனவுகளுக்கு ப்ரசோசின் என்ற இரத்த அழுத்தக் குளிசை உதவும் என்று சிறு ஆய்வுகள் சொன்னன. 2018இல், போரிலிருந்து திரும்பிய 304 அமெரிக்கப் படையினரிடம் நடத்திய பெரிய சோதனையில் அது வெற்றுக் குளிசையைவிட மேலாக இல்லை. போர் கெடுத்த நித்திரைக்கென்றே தேடினால்தான் மருந்து கிடைக்கும். அந்தத் தேடலில் நம் மக்கள் சேர்க்கப்பட வேண்டும். நம் மொழியில் கேள்விகள் கேட்கப்பட வேண்டும். அதை நடத்தப் போகிறவர்கள் இங்கே முன்வரிசையில் இருக்கிறீர்கள்.

மருந்தில்லாமல் நித்திரைப் பழக்கத்தைத் திருத்தும் உளவியல் சிகிச்சையையே முதலில் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. அதைத் தமிழில் தரப் பயின்றவர்கள் நமக்கு வேண்டும்.

கூட்டம் தொடங்குமுன் ஓர் ஐயா கேட்டார், இதையெல்லாம் கேட்டுவிட்டு இன்றிரவே குளிசையை நிறுத்தலாமா என்று. கூடாது ஐயா. பல மாதம் போட்டதைச் சடுதியாக நிறுத்தினால் வலிப்புக்கூட வரலாம். பெட்டியோடு கிளினிக்குக் கொண்டுபோங்கள், காலையில் தள்ளாட்டம் இருப்பதைச் சொல்லுங்கள், அளவைச் சிறிது சிறிதாக அவர்கள் குறைத்துத் தருவார்கள். சாராயத்தோடு மட்டும் ஒருநாளும் போடாதீர்கள்.